அந்த இரண்டு பேர்

உங்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுக்கிறேன். ரம்மி சீட்டு இல்லை, யூ-கி-ஓ சீட்டு. ஜப்பானில் கஸுகி தகாஹாஷி 1996-ல் வரையத் தொடங்கிய காமிக்ஸிலிருந்து பிறந்து, 1999 முதல் கொனாமி கம்பெனி அச்சடித்து விற்கிற விளையாட்டு. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால், கட்டிலுக்கு அடியில் தேடிப் பாருங்கள்... நாலைந்து கிடைக்கலாம்.

நான் கொடுத்த சீட்டின் பெயர் 'ப்ளூ-ஐஸ் வைட் டிராகன்'. வெள்ளை உடம்பு, நீலக் கண், விரித்த சிறகு. கீழே மூலையில் இரண்டு எண்கள். தாக்கும் பலம் 3000, தற்காப்பு 2500. இந்த ஆட்டத்தில் ஒருவருடைய மொத்த உயிரே 8000 புள்ளிதான். குறுக்கே யாரும் இல்லாமல் மூன்று முறை அடித்தால் எதிராளி காலி!

இப்போது சொல்லுங்கள், இந்தச் சீட்டுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

"இதென்ன கேள்வி, நூற்றுக்கு நூறு!" என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சீட்டின் மேல் பக்கத்தில் வரிசையாக எட்டு நட்சத்திரம் இருக்கிறதே, பார்த்தீர்களா? அது அலங்காரம் இல்லை. விலை.

நாலு நட்சத்திரம் வரை உள்ள மான்ஸ்டரை அப்படியே களத்தில் இறக்கலாம். ஐந்து, ஆறு என்றால், ஏற்கெனவே உங்களுக்காக நின்றுகொண்டிருக்கும் ஒரு மான்ஸ்டரைப் பலி கொடுக்க வேண்டும். ஏழும் அதற்கு மேலும் என்றால் இரண்டு பேர். ஒரு முறைக்கு ஒருவரைத்தான் இப்படி இறக்க முடியும். ஆக, முதல் முறை ஒரு சின்னவர், அடுத்த முறை இன்னொரு சின்னவர். இருவரும் அடி தாங்கிப் பிழைத்திருந்தால், மூன்றாவது முறை இருவரையும் அனுப்பிவிட்டு டிராகன் ராஜநடை போட்டு வரும். போனவர்கள் சேருகிற இடத்துக்கு இந்த விளையாட்டில் பெயரே கல்லறைதான்.

இத்தனைக்கும் பிறகு, எதிராளி 'டார்க் ஹோல்' என்று ஒரே ஒரு மந்திரச் சீட்டைப் போடுகிறான். களத்தில் உள்ள மான்ஸ்டர்கள் மொத்தமும் குளோஸ். மூன்று சீட்டு செலவழித்து நாம் கட்டிய கோபுரம், ஒரு சீட்டில் போச்சு!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்டில் குறைந்தது 40 சீட்டு. ஒரே சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது. மூன்று டிராகன்களையும் சேர்த்தாலும், முதலில் எடுக்கும் ஐந்து சீட்டில் ஒன்றாவது டிராகனாக இருக்க சுமார் 34 சதவிகித வாய்ப்புதான். அப்படியே வந்தாலும், பலி கொடுக்க ஆள் இல்லாமல் கையில் சும்மா கனக்கும். இந்த மாதிரி சீட்டுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பிரிக்'. செங்கல்!

அப்படியானால் டிராகன் வெத்துவேட்டா? அதுவும் இல்லை. 2016-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜெயித்தது இந்த டிராகனை மையமாக வைத்த கட்டுதான். அதே டிராகன், அதே 3000. மாறியது சுற்றி நின்ற கூட்டம். அதில் 'சேஜ் வித் ஐஸ் ஆஃப் ப்ளூ' என்று ஒரு ஞானி. தாக்கும் பலம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். ஆனால் அவர் களத்தில் இறங்கினால், தேவையான இன்னொரு சின்னச் சீட்டைக் கட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுக்கிறார். 3000-ஐ நடக்க வைத்த கூட்டத்தில் அந்தப் பூஜ்யமும் ஒன்று.

சரி, விளையாட்டு போதும். இப்போது உங்கள் வீட்டு ஹாலுக்கு வாருங்கள்.

பல வீடுகளில் ஒரு டிராகன் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மூத்த பையன். டாக்டரான பெரியவள். சுவரில் பட்டமளிப்பு போட்டோ. 'எங்க குடும்பத்துக்கே அவன்தான்' என்று விருந்தாளிகளிடம் சொல்கிறோம். மூலையில் உள்ள எண்ணைச் சரியாகத்தான் படிக்கிறோம், நட்சத்திரத்தை எண்ணுவதில்லை. அவன் ஃபீஸுக்காக விற்ற அம்மாவின் வளையல், 'நீ அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்மா' என்று சொல்லி அந்த அடுத்த வருஷம் வராமலே போன தங்கச்சியின் காலேஜ்... அந்த இரண்டு பேரும் எந்தப் போட்டோவிலும் இல்லை.

ஆபீஸிலும் இதே கதை. டார்கெட்டை முடித்தவருக்குக் கைதட்டல். அதற்காக மூன்று ராத்திரி கண்விழித்தவருக்கு ஒரு 'தேங்க்ஸ்' ஈமெயில். சில சமயம் அதுவும் இல்லை.

விட்டுக்கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் ஒதுங்கிக்கொள்ளாமல் எந்தக் குடும்பமும் நடக்காது. ஆனால் சீட்டை நாம் கேட்டுவிட்டா பலி கொடுக்கிறோம்? அதற்கு வாய் கிடையாது. தங்கச்சிக்கு உண்டு. அவளைக் கேட்டோமா? கேட்டபோது 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா? ஒதுங்கிக்கொள்வதற்கும் ஒதுக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு கேள்விகளுக்குள் இருக்கிறது.

டிராகனுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பலம் பொய் இல்லை. நீங்கள் உழைத்தது நிஜம். ஆனால் அந்த 3000 முழுக்க உங்களுடையது என்று நினைக்கிற நிமிஷத்தில், காலடியில் இருக்கும் இரண்டு கல்லறைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன.

யூ-கி-ஓவில் 'மான்ஸ்டர் ரீபார்ன்' என்று ஒரு சீட்டு இருக்கிறது. கல்லறைக்குப் போன ஒரு மான்ஸ்டரைத் திரும்ப எழுப்பும். ஒரே ஒருவரைத்தான். அதைக் கையில் வைத்திருக்கும் பையனைக் கவனியுங்கள். விழுந்துவிட்ட டிராகனைத்தான் மறுபடி எழுப்புவான். வழிவிட்டுப் போன சின்னவர்களை எழுப்ப அவனுக்கு ஏன் தோன்ற வேண்டும்? ஆட்டத்தில் அது சரிதான். ஜெயிக்க வேண்டும் இல்லையா?

உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. நின்றுபோன தையல் கிளாஸ், பாதியில் விட்ட டிகிரி, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட கண் ஆபரேஷன்... எழுப்பிவிட ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும்.

அந்தச் சீட்டு இப்போது உங்கள் கையில். யாரை எழுப்பப் போகிறீர்கள்?