கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள்

காரைக்கால் பள்ளிகளுக்கு உத்தரவு பாண்டியிலிருந்து வருகிறது. இடையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தமிழ்நாடு: தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர். ஆசிரியர்களில் பலரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். பாண்டியில் வீடு, காரைக்காலில் போஸ்டிங். திங்கள் விடியலில் பஸ் ஏறி வந்து, வாடகை அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாற்றல் வந்தால் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, இங்கே ஊரார் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவது லேசான காரியமா?

ஆனால் ஒரு பள்ளிக்கூடம் தேற வேண்டுமென்றால் அதைத் தெரிந்த யாராவது ஒருவர் போகாமல் இருக்க வேண்டும். எந்தக் குழந்தை எதில் நிற்கிறது என்று ஆண்டு கடந்தும் நினைவில் வைத்திருக்கும் ஒருவர். பள்ளிகளோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒருவர் இவர்தானோ என்று தோன்றுகிறது.

*

திருநள்ளாறு பக்கம், வயல் நடுவே ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு, கணக்குப் பாடம். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். நான் வாசலோரம் இருந்தேன். "முந்நூற்று ஐந்து எழுது" என்றார் டீச்சர். ஒரு பையன் சிலேட்டில் 3005 என்று எழுதினான். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பையனிடம் போனார். அந்தப் பெண் தன் நோட்டில் அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு கேட்டார். "டீச்சர், அவன் ஏன் அப்படி எழுதினான்னு நினைக்கிறீங்க?"

"கவனம் இல்லம்மா. வேறென்ன?"

அவர் மறுத்துப் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு முந்நூறு எழுதச் சொன்னார். 300. ஐந்து எழுதச் சொன்னார். 5. "இப்ப ரெண்டையும் சேர்த்து எழுது." 3005. காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருக்கிறான்; அவன் கணக்கில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டீச்சர் சிலேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே அலமாரியிலிருந்து ஐஸ் குச்சிகளை எடுத்து வந்தார். நூறு நூறாகக் கட்டியது மூன்று கட்டு, உதிரியாக ஐந்து. "பத்துக் கட்டு எத்தனைடா இருக்கு?" "ஒண்ணும் இல்ல டீச்சர்." "அப்ப அந்த இடத்துல என்ன போடுவ?"

305 என்று எழுதினான். அடுத்த வாரம் நானூற்று ஏழைக் கேட்டபோது மறுபடி 4007. இந்த முறை டீச்சர் தலையை ஆட்டவில்லை. குச்சியை எடுக்கப் போனார். அந்தப் பெண் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த எழுந்திருக்காமை. பதில் தெரிந்தவர் அதைச் சொல்லாமல் கேள்வியாக வைத்துவிட்டு ஒதுங்கி இருக்கிறார். வகுப்பு டீச்சருடையது, கண்டுபிடிப்பும் டீச்சருடையதாகவே இருக்கட்டும் என்கிற அடக்கம். பரிசோதிக்க வரும் அதிகாரிக்கு இந்த உட்காரல் வராது. பயிற்சி முகாமில் மைக் பிடிப்பவருக்கும் வராது.

*

பெயர் வெளியே தெரியாதவர்கள் கல்விக்கு உழைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் 1930இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது என்று புதுச்சேரி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். ஆண்டு நமக்குத் தெரிகிறது. அந்த முதல் உலையை வைத்தவர்கள் யார்? அறுபது ஆண்டுகள் கழித்து, எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக 1990இல் அறிவிக்கப்பட்ட காலத்தில், புதுவை அறிவியல் இயக்கத்தார் இங்கே அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைக் கையில் எடுத்தார்கள். ஜிப்மர் மருத்துவர் தி. சுந்தரராமன் போன்றவர்களின் பெயர் அதில் நினைக்கப்படுகிறது. நினைக்கப்பட வேண்டியதும்தான். அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, வேலை முடித்து வந்த பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்த தொண்டர்களுக்குப் பட்டியல் இல்லை.

*

பணத்தைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த வேலையின் கழுத்தைப் பிடிப்பது அதுதான்.

கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது முதல், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருக்கிறது. பள்ளிகளுக்குப் பெஞ்சு வருகிறது, சுற்றுச்சுவர் வருகிறது, ஸ்மார்ட் போர்டு வருகிறது. எல்லாம் தேவைதான். கழிப்பறை இல்லாத பள்ளியில் பெரிய பெண்கள் படும் பாட்டை அறிந்தவர் யாரும் கட்டடத்தைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் நன்கொடை தருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது?" சம்பளம் என்றாலே பிள்ளைகளுக்குப் போக வேண்டியதில் யாரோ கைவைத்தது போல. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கியது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குத் தருவதையும் தடுத்தது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றுவந்த சின்ன ஊர்க் குழுக்களுக்கு அது பெரிய அடி.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே செலவான பொருள் ஐஸ் குச்சி. வேலை என்பது முழுக்க அவர்தான். அவருடைய பஸ் காசு, அவருடைய மாதச் சம்பளம், ஊருக்குத் திரும்பி வந்து அவர் எழுதிய குறிப்பைப் படித்துப் பதில் சொன்ன மூத்தவரின் நேரம், மாதக் கடைசியில் வவுச்சர்களை அடுக்கிக் கணக்கை நேர்செய்யும் கணக்காளரின் இரவுகள். இதைக் கழித்துவிட்டுப் பள்ளி மேம்பாடு என்று தனியாக எதைக் காட்ட முடியும்?

புதுச்சேரியில் பல ஆண்டுகளாக அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்யும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளைக்கு இந்த நெருக்கடி குறைவு. பிரேம்ஜி 2019 வரை அதற்கு ஒதுக்கிய சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 1,45,000 கோடி ரூபாய். அதனால் ஆளை வேலைக்கு எடுத்து ஒரே வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் இருத்திவைக்க முடிகிறது. பள்ளி விட்ட பிறகு, விரும்பி வரும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒரு பாடத்தைப் பேச முடிகிறது. அவசரம் இல்லாத பணம் அபூர்வம். மற்ற அமைப்புகள் பலவற்றில் ஒப்பந்தம் பதினொரு மாதம், ஓராண்டு. ஒரு தலைமை ஆசிரியர் "வாம்மா" என்று மனதாரக் கூப்பிடத் தொடங்குவதற்கே அந்த ஓராண்டு ஆகிவிடும்.

*

அப்படி நிலைத்திருக்கும் ஆளின் தேவை இப்போது இன்னும் கூடியிருக்கிறது. புதுச்சேரிக்கெனத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றிவந்தன. 2023-24இல் அரசுப் பள்ளிகளில் உயர் வகுப்புகளும் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. 2025இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முதல் முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதின. தமிழ்நாட்டின் சமச்சீர்ப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஆசிரியர், ஐம்பது வயதில் புதுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். மீனவ ஊரிலிருந்து வரும் பிள்ளை, வீட்டில் யாரும் பேசாத ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கிறது. மாற்றத்தை அறிவிக்க ஓர் ஆணை போதும். அந்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடமாகப் புரட்ட ஆள் வேண்டும்; அந்த ஆளுக்கும் முதலில் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

*

தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைப் படிவங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பள்ளி, எத்தனை பயிற்சி, எத்தனை குழந்தை, எத்தனை படம். இதோடு இன்னொரு கட்டம் வேண்டும் என்று நினைக்கிறேன்: ஒரே ஆள் ஒரே பள்ளிக்கு எத்தனை ஆண்டுகளாகப் போகிறார்? கேட்கிறவர்கள் அதற்குத் தகுந்த சம்பளத்தையும் திட்டச் செலவாகவே சேர்க்க வேண்டும். நிர்வாகம் என்று ஓரத்தில் ஒதுக்கக் கூடாது. முதல் ஆண்டு அந்தக் கட்டத்தில் வரும் எண் சிறியதாகத்தான் இருக்கும். பரவாயில்லை, மறைக்காமல் எழுதட்டும்.