சர்வேசுரன் பாடும் சங்கீதம்



கல்லூரியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறான். இராத்திரி ஜெபமாலை முடிந்ததும் ஒரு சந்தேகம் கேட்கிறான்: “அப்பா, கோடிக்கணக்கான வருஷங்களாய் ஜீவப்பிராணிகள் ஒன்றிலிருந்து ஒன்று படிப்படியாய் உண்டாயின என்று பாடத்தில் இருக்கிறது. வேதாகமத்தில் ஆறு நாள் என்றல்லவா இருக்கிறது?” தகப்பனார் சீறி விழுகிறார்: “வாயை மூடு! படிப்பு தலைக்கேறி விட்டதோ?” மகன் வாயை மூடிக்கொள்கிறான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஜெபமாலைக்கும் அவன் வாய் திறப்பதில்லை.

இது புதிய சங்கதியல்ல. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒரு பிள்ளை இவ்விதமே தப்பிப்போனான். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய சாஸ்திரியாய் விளங்கிய அர்ச். அகுஸ்தீனாரே அவர். 354-ம் வருஷம் ஆப்பிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டில் பிறந்தார். தாயார் அர்ச். மோனிக்கம்மாள் பாலோடு பக்தியையும் ஊட்டி வளர்த்தாள். பிள்ளைக்கோ கூர்ந்த புத்தி. வாலிபத்தில் வேதாகமத்தைத் திறந்து பார்த்தார். அதன் எளிய நடை அவருக்கு அற்பமாய்த் தோன்றிற்று. அச்சமயம் மனிக்கேயர் என்னும் பதிதர், “உங்கள் சர்வேசுரனுக்கு மயிரும் நகமும் உண்டோ?” என்று ஆதியாகமத்தைப் பரிகாசம் பண்ணினார்கள். அவருக்கு மறுமொழி தெரியவில்லை. ஒன்பது வருஷம் அவர்கள் பின்னே திரிந்தார். மோனிக்கம்மாளின் கண்ணீரோ நிற்கவில்லை.

பிறகு மிலான் நகரில் மேற்றிராணியார் அர்ச். அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டார். மனிதன் சர்வேசுரனின் சாயலாயிருக்கிறான் என்றால், சர்வேசுரனுக்கு உடல் உண்டு என்று அர்த்தமல்ல என அப்போதுதான் விளங்கிற்று. திருச்சபை ஒருபோதும் போதியாத ஒன்றை அதன் போதனையென்று எண்ணி, இத்தனை வருஷம் அதை எதிர்த்துக் குரைத்தோமே என்று வெட்கிப்போனார். 387-ம் வருஷம் பாஸ்கு திருவிழாவில் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்நாட்களில் அவர் உள்ளத்தை உருக்கியது இன்னொன்றும் உண்டு, கோவில் பாட்டு. அதற்கு முந்தின வருஷம் அரசி யுஸ்தினா அம்புரோசாரைத் துன்பப்படுத்தினாள். ஜனங்கள் தங்கள் மேய்ப்பரோடு சாகவும் துணிந்து கோவிலிலேயே இராக்காவல் காத்தார்கள். மோனிக்கம்மாளும் அவர்களில் ஒருத்தி. துயரத்தால் அவர்கள் சோர்ந்து போகாதபடி, சங்கீதங்களையும் கீர்த்தனைகளையும் எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் அங்கே உண்டாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனார் அந்தப் பாட்டுகளைக் கேட்டுத் தாரைதாரையாய்க் கண்ணீர் விட்டார்.

பின்னாளில் அவர் இப்போ நகரின் மேற்றிராணியாராகி, ஆதியாகமத்துக்கு 12 புத்தகங்களில் வியாக்கியானம் எழுதினார். சூரியனே நான்காம் நாளில்தான் உண்டாயிற்று என்றிருக்க, அந்த ஆறு நாட்களும் நம் நாட்களைப் போன்றவையாய் இருக்க முடியுமோ என்று ஆராய்ந்தார். சர்வேசுரன் ஆதியிலேயே உலகத்தில் விதை போன்ற காரணங்களை வைத்தார். அவை ஏற்ற காலத்தில் வெளிப்படுகின்றன என்றும் போதித்தார். 1859-ல் டார்வின் வெளியிட்ட பரிணாம சாஸ்திரத்தை இவர் முன்னமே அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிருஷ்டிப்பு காலத்தில் விரிந்து வரலாம் என்ற எண்ணம் திருச்சபைக்கு அந்நியமல்ல என்று கண்டுகொள்ளுங்கள்.

இதை விளக்க அவருடைய எழுத்துகளிலேயே ஓர் அழகான உவமை உண்டு. ஒருவன் ஒரு சங்கீதத்தை மனப்பாடமாய் அறிந்திருக்கிறான். பாடத் தொடங்குமுன்னே முழுப் பாட்டும் அவன் மனதில் இருக்கிறது. பாடும்போதோ ஓர் அசை ஒலித்து மறைந்தால்தான் அடுத்த அசைக்கு இடமுண்டு. எல்லா அசைகளையும் ஒரே நொடியில் ஒலித்தால் அது பாட்டல்ல, கூச்சல். அவ்விதமே காலங்களின் ஒழுங்கை அகுஸ்தீனார் ஓர் அழகிய பாட்டுக்கு ஒப்பிட்டார். பூமியில் எத்தனையோ ஜீவன்கள் தோன்றி மறைந்தன. பாட்டு நீளமானது என்பதால் பாடகர் இல்லையென்று யாராவது சொல்வார்களோ?

பாப்பரசர்களும் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். மனித சரீரம் முன்னிருந்த ஜீவப்பொருளிலிருந்து வந்ததோ என்று ஆராய்வதை 1950-ல் 12-ம் பத்திநாதர் தடுக்கவில்லை. ஆனால் ஆத்துமத்தைச் சர்வேசுரனே நேராய்ச் சிருஷ்டிக்கிறார் என்பது விசுவாசம் என்றார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று 1996-ல் 2-ம் அருள் சின்னப்பர் ஒப்புக்கொண்டார். ஆத்துமத்தைப் பற்றிய போதனையையோ விட்டுக்கொடுக்கவில்லை.

தகப்பன்மாரே, தாய்மாரே! கிறீஸ்தவன் ஒருவன் இயற்கையைப் பற்றி அறியாமல் பேசி, அதற்கு வேதாகமத்தைச் சாட்சிக்கு இழுத்தால், கேட்கிற படித்தவன் நகைப்பான். பிறகு உத்தானத்தைப் பற்றி அதே வேதாகமம் சொல்வதை எப்படி நம்புவான் என்று அகுஸ்தீனார் எச்சரித்தார். உங்கள் மகனை அந்த நிலைக்குத் தள்ளாதேயுங்கள். புத்தகமா, கோவிலா என்று அவனைத் தெரிந்துகொள்ளச் சொல்லாதேயுங்கள்; இரண்டையும் தந்தவர் ஒருவரே. அவன் கேட்டால், “எனக்குத் தெரியாது, மகனே, வா, சாமியாரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் தகப்பனுக்கு மானம் போகாது. மோனிக்கம்மாளும் தர்க்கத்தால் பிள்ளையை மீட்கவில்லை. அவள் ஜெபித்தாள், அவனைத் தேடிக் கடல் கடந்து போனாள்.

வருகிற ஞாயிறு பூசையில் பாட்டைப் பாடகர் குழுவுக்கு மட்டும் விட்டுவிடாமல், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நீங்களும் வாய் திறந்து பாடுங்கள். மறுமொழி கிடையாத கேள்வியோடு நிற்கிற பிள்ளைக்கும் அந்தப் பாட்டில் ஓர் இடம் இருக்கட்டும். ஆதியில் இந்தப் பெரிய சங்கீதத்தைத் தொடங்கின சர்வேசுரன் நம்மையும் நம் மக்களையும் அதன் முடிவுமட்டும் சுருதி பிசகாமல் காப்பாராக. ஆமென்.