வாழ்க்கை வரலாறும் வாய்மையும்

பிறர் வாழ்வை எழுதப் புகுவோர் எவ்வளவு சொல்லலாம்? எங்கே நிறுத்தவேண்டும்? இவ்வினாவை இதழாளர் டி. ஜே. எஸ். ஜார்ஜின் பணியை முன்வைத்து நாம் ஆராயலாம்.

1928-இல் கேரளத்தில் பிறந்த அவர், 1950-இல் பம்பாய் ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளிதழில் சேர்ந்தார். பாட்னாவில் ஆசிரியராயிருந்தபோது, 1965-இல், எழுத்துக்காகச் சிறை சென்றார். கிருஷ்ண மேனன், நடிகை நர்கீஸ் ஆகியோரின் வாழ்வை எழுதிய பின், எம். எஸ். சுப்புலட்சுமியின் வரலாற்றை 2004-இல் வெளியிட்டார். 2025-இல் மறைந்தார்.

எம். எஸ்ஸைத் தெய்வ வடிவாகவே போற்றிப் பழகியவர்கள் நாம். அவரோ, 1916-இல் மதுரையில், தேவதாசி மரபில் வந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். 1940-இல் சதாசிவத்தை மணந்தபின் அவர் வாழ்வின் கோலமே மாறியது. இவற்றையெல்லாம் ஜார்ஜ் ஒளிக்காமல் எழுதினார். “பழங்கதையைக் கிளறுவானேன்?” என்று நம்முள் சிலர் வருந்தக்கூடும்.

பிறர்க்குத் தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுத்தார் வள்ளுவர். எனின், மறைத்தலால் தீங்கு விளையாதோ? மகளுக்கு இசையூட்டிய தாயை மறைத்தால், அத்தாய்க்கன்றோ அநீதி? ‘எம். எஸ்.’ என்னும் ஈரெழுத்துகளுள் முன்னது மதுரை; பின்னது சண்முகவடிவு. மகள் தம் பெயரில் சுமந்ததை நாம் மறைத்தல் எவ்வாறு மரியாதையாகும்?

ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. இளமையில் எம். எஸ்., ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்கு எழுதிய கடிதங்களையும் அந்நூல் வெளிக்கொணர்ந்தது. அப்போது அவர் உயிரோடிருந்தார். கடிதம் ஒருவர்க்கென எழுதப்படுவது, ஊர்க்கென எழுதப்படுவதன்று. பிறப்பைச் சொன்னது ஒரு தாய்க்கு நீதி செய்தது. கடிதம் யாருக்கு நீதி செய்தது? இங்கே நம் மனம் ஜார்ஜுடன் செல்லத் தயங்குகிறது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாமும் ஒருவகையில் வரலாற்றாசிரியர்களே. நம் மக்கள் பாட்டன் பாட்டியரைப் பற்றிக் கேட்கும்போது, பெருமைகளை மட்டும் பொறுக்கிச் சொல்கிறோம். வறுமையையும், வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காத்த பாட்டியையும் விழுங்கிவிடுகிறோம். எவரேனும் ஒருவர்க்குரிய இடத்தை மீட்டுத் தரும் உண்மையாயின், கசப்பினும் சொல்வோம். வெறும் ஆவலுக்கு இரையாவதாயின், அறிந்தும் வாய் மூடுவோம். வரலாறு எழுதுவோர்க்கும் பெற்றோர்க்கும் அதுவே அறம்.