காது வெளியேதான் இருக்கிறது

ஹோண்டா கோல்ட் விங் மாதிரி பெரிய பயண மோட்டார்களில் பின்பெட்டி ஓரமாக ஒரு நீளக் கம்பி நிற்கும். ரேடியோ ஏரியல். வண்டியின் விலைக்கும் மினுமினுப்புக்கும் கொஞ்சமும் பொருந்தாமல் தூண்டில்போல ஆடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் வண்டி வாங்கியதும் முதலில் கைவைப்பது அதில்தான். ஒரு சாண்கூட இல்லாத குட்டை ஏரியலை மாட்டுவார்கள், இல்லையென்றால் முகப்பு பிளாஸ்டிக்குக்குள் ஒயரை ஒட்டி மறைத்துவிடுவார்கள். இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நீளம் யாரும் ஆசைப்பட்டு வைத்ததில்லை. சிங்கப்பூரின் ஒலி 96.8-ஐ எடுத்துக்கொள்வோம். 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.1 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 77 சென்டிமீட்டர், ஏரியலுக்கு இயல்பான அளவு. குட்டை ஏரியலுக்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றி இந்தக் கணக்கைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். கணக்கு சரியாகும், பிடிக்கும் சக்தி குறையும். ஒளித்துவைக்கும் வகைக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அது பாட்டைப் பெருக்கும்போது இரைச்சலையும் கூடவே பெருக்கும். என்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால் ஸ்பார்க் பிளக்கின் பொறிகூடப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜொகூர் பாருவில் சுற்றும்வரை ஒன்றும் தெரியாது. கோபுரத்துக்குக் கிட்டத்தில் எல்லா ஏரியலும் நல்ல ஏரியல்தான். வடக்கே போகப் போகத்தான் குட்டு வெளிப்படும்.

மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். “தம்பி, உன் குடல் உள்ளதான இருக்கு? அத வெளிய தொங்கவிட்டுக்கிட்டா நடக்குற?”

“காது வெளியதானே இருக்கு, அண்ணே” என்றேன்.

“அதையுந்தான் ஹெல்மெட் போட்டு மூடிர்றோமே லா!”

நல்ல பதில். அவர் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது. மறைப்பதெல்லாம் பொய் ஆகாது. தழும்பின்மேல் சட்டை போடுகிறவனைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் குடல் நம் சொந்த வேலையைச் செய்கிறது. ஏரியல் அப்படியில்லை. வேறெங்கிருந்தோ ஒருவர் பேசுகிறார், அதற்காக நான் நீட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று வெளியே சொல்லும் உறுப்பு அது. ஆறு சிலிண்டர் என்ஜின் ‘எனக்கு எவனும் வேண்டாம்’ என்று உறுமும்போது, பின்னால் இந்தக் கம்பி வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதுதான் உறுத்துகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் சிவப்பு விளக்கில் தமிழ்ப் பாட்டைச் சத்தமாக ஓடவிடுகிற அதே ஆள், பங்சார் விளக்கில் கட்டைவிரலால் சத்தத்தைக் குறைப்பார். மரியாதையா, வெட்கமா? பக்கத்துக் காரில் குழந்தை தூங்கலாம். சத்தமாகத் தமிழ்ப் பாட்டு வைத்துக்கொண்டு போனாலே நம்மை ஒரு மாதிரி பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பார்வையை யார்தான் விரும்புவார்கள்? விரல் ஒன்று, பொத்தான் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஓடுவது ஆங்கிலப் பாட்டாக இருந்தாலும் குறைத்திருப்பாரா என்று அவர்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டால் சண்டை வரும்.

“இப்ப யாரு ரேடியோ கேக்குறா? போன்ல பாட்ட போட்டமா, போனமா” என்பது அண்ணனின் அடுத்த வாதம். அதுவும் சரிதான். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அங்கே கால் அலை 3 சென்டிமீட்டர்தான். ஏரியலைப் பெட்டிக்குள் ஒளித்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் போனில் எல்லாமே நான் பொறுக்கியது. முன்பின் தெரியாத ஒரு பாட்டிக்கு அவர் பேரன் சொல்லும் பிறந்தநாள் வாழ்த்தும், நானாகத் தேடியே இருக்காத ஒரு பழைய பாட்டும் அதில் வராது. சிலருக்கு அது நிம்மதி. எனக்கு மூச்சுமுட்டுகிறது.

சரி, அழகு வேண்டும் என்றால் விலை கொடுக்க வேண்டியதுதான். யார் கொடுப்பது என்பதில்தான் எனக்குத் தகராறு. கோல்ட் விங் பலவற்றில் பின்னால் உட்காருபவருக்கென்று தனி ஸ்பீக்கர் உண்டு. முன்னால் இருப்பவர் சாலையையும் கியரையும் பார்த்துக்கொண்டு போகிறார், இரைச்சல் அவருக்கு அவ்வளவாக உறைக்காது. நிறுத்தும் இடத்தில் நாலு பேர் வந்து வண்டியைப் பாராட்டுவதும் அவரைத்தான். பின்னால் இருப்பவருக்கோ செய்ய வேறு வேலையில்லை, கேட்பது ஒன்றுதான். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்வரை அந்த ‘உஷ்ஷ்’ அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கம்பியைக் கழற்றும்போது அவரிடம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. “சில பேரு திரும்ப வந்து மாட்டச் சொல்லுவாங்க. வூட்டுக்காரம்மா ஏசுறாங்களாம்” என்றார். கழற்றிய கம்பிகளை அவர் தூக்கிப்போடுவதில்லை. பட்டறை மூலையில் ஒரு பிவிசி குழாயில் சொருகி வைத்திருக்கிறார். எந்தக் கம்பி யாருடையது என்று ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி வண்டி நம்பர் எழுதியிருக்கிறது.