வட்டம் எங்கே இருந்தது?

சென்ற ஆண்டு சாட்டி வெள்ளைக் கடற்கரையில் ஒரு மாலை. உயர்கணிதத்தை ஆசிரியரின்றித் தனியே படிக்கும் வேலணை மாணவன் ஒருவன் தன் கையேட்டை விரித்து என்னிடம் நீட்டினான். மணி வடிவ வளைகோடு ஒன்றின் கீழுள்ள முழுப் பரப்பு, 'பை'யின் வர்க்கமூலம் என்று அதில் ஒரே வரியில் இருந்தது.

"சேர், பை எண்டால் வட்டத்தோட வாறது. இதில வட்டம் எங்க?"

முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். அந்த விடையை எத்தனையோ தடவை எடுத்தாண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. "அது அப்பிடித்தான் தம்பி, பாடமாக்கி வையும்" என்றேன். சொன்னது பொய்யல்ல. ஆனாலும் அன்றிரவு அது உறுத்திற்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

தனியே படிப்பவர்களுக்கு நாம் வழக்கமாகக் காட்டும் உதாரணம் இராமானுஜன். 1903 அளவில் கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது கார் என்பவரின் தொகைநூல். சுமார் 5,000 முடிவுகள், நிறுவல்கள் சொற்பம். ஆனால் கார் ஒரு தனிப்பாட ஆசிரியர். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்திய பாடங்களிலிருந்து பிறந்தது அந்நூல். அவருடைய மாணவருக்கு நூலோடு குரலும் கிடைத்தது. இராமானுஜனுக்கு நூல் மட்டுமே. இடைவெளியை மேதைமையால் நிரப்பினார். ஆனால் முடிவை மட்டும் எழுதும் வழக்கம் அவரிடமும் ஒட்டிக்கொண்டது. 1913இல் ஹார்டிக்கு எழுதியவற்றுள் பகா எண்கள் பற்றிய சில கூற்றுகள் பிழையாயின. அவரது குறிப்பேடுகளுக்கு நிறுவல் தந்து புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது.

கையேட்டை நான் குறைசொல்லவில்லை. வழி நடந்தவனுக்கு அது நினைவூட்டல், நடக்காதவனுக்கு மதில். ஒரு மேதையின் தனிமையைக் காட்டிச் சாதாரணப் பிள்ளையையும் தனியே விடுவது நமக்குத்தான் வசதி. கிதாபை உஸ்தாதின் முன்னமர்ந்து ஓதி, இஜாஸா பெற்றுப் பிறருக்கு ஓதிக்கொடுக்கும் மரபின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. விடையை ஏடு தரும். வந்த வழியை ஓர் ஆள்தான் கூட நடந்து காட்டவேண்டும்.

மறுநாள் நானும் மாணவனானேன். அதே வளைகோட்டை நீளவாட்டில் ஒன்றும் அகலவாட்டில் ஒன்றுமாக வைத்துப் பெருக்கினால், தளத்தின்மேல் ஒரு குன்று எழுகிறது. எத்திசையிலும் ஒரே சரிவு. மேலிருந்து பார்த்தால் வட்டத்துள் வட்டம். குன்றின் கனவளவு பை. அது நம் பரப்பின் வர்க்கம். ஆகவேதான் வர்க்கமூலம்.

ஒரு கிழமை கழித்து, சாட்டி மணலைக் குவித்து அவனுக்கு அதைக் காட்டினேன். அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டியிருந்தது.

"தம்பி, அண்டைக்கு எனக்கும் தெரியாது."