இருப்பிடம் உரைத்தலும் மறைத்தலும்: உயிரினத் தரவு குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஆய்வாளர் தாம் கண்டறிந்த உண்மையை உலகிற்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது ஆய்வுலகின் பொதுவிதி. சுவடி எந்நூலகத்தில் உள்ளது, அதன் எண் யாது என்று குறிப்பிடாத பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. ஆயின், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினம் ஒன்றின் வாழிடத்தை அறிந்தவர்க்கும் இவ்விதி பொருந்துமா? பல்லுயிர்த் தரவு திரட்டுவோர் எதிர்கொள்ளும் இவ்வினாவை ஆந்திர மாநிலத்தைச் சார்ந்த இரு சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1899ஆம் ஆண்டு போக்காக் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் நீலநிறப் பெருஞ்சிலந்தி ஒன்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். குத்தி என்னும் ஊரின் இரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியே அவருக்குச் சான்று. அதன்பின் 102 ஆண்டுகள் அது யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. 2001இல் அது மீளக் கண்டறியப்பட்ட இடம் குத்தியன்று. நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு. வெட்டுமரத்தோடு இரயிலேறிக் கிடங்கிற்கு வந்த சிலந்தியைப் போக்காக் அவ்வூரினதாகப் பதிந்துவிட்டார் என்றே கொள்ளவேண்டியுள்ளது. மரப்பொந்துகளில் வாழும் இச்சிலந்தியை அழகுக்காக வளர்ப்போர் பல நாடுகளில் உளர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் இதனை மிக அருகிய இனமாக மதிப்பிட்டது. வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2019இல் இதன் பேரினம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தவறான தரவே ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வுயிரைக் காத்தது என்று ஒருவர் வாதிடலாம். வாதம் கவர்ச்சியானது, ஆனால் பாதியே உண்மை. பிழையான ஊர்ப்பெயர் சேகரிப்போரைத் திசைதிருப்பியிருக்கலாம். கோடரியை அது தடுக்கவில்லை. அக்காட்டில் அரியதோர் உயிர் உண்டென அறியாதவர்க்கு மரத்தை விட்டுவைக்கக் காரணமும் இல்லை.

இதன் மறுதலையாக அமைவது ஜெர்டன் கல்குருவியின் வரலாறு. 1900க்குப் பின் மறைந்ததாகக் கருதப்பட்ட இப்பறவை 1986இல் கடப்பை மாவட்டத்து இலங்கமலைப் பகுதியில் மீண்டும் அறியப்பட்டது. அங்குள்ள மக்கள் அதனைக் கலிவிகோடி என்று முன்பே அறிந்திருந்தனர். கோடி என்பது தெலுங்கில் கோழி. உள்ளூர்வாசி ஒருவர் இரவில் பிடித்துத் தந்த பறவை நெடுநாள் உயிர்வாழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பின்னர் ப. ஜெகநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், புதர்க்காட்டில் மணற்பட்டை பரப்பி, அதில் பதியும் காலடித் தடங்களைக் கொண்டும் தானியங்கி ஒளிப்படக் கருவி கொண்டும் அதன் நடமாட்டத்தைக் கணித்தனர். பிடிக்காமலே அறியும் முறை இது. 2005இல் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய் ஒன்றிற்கான தோண்டுபணி அவ்வாழிடத்தில் நுழைந்தபோது, இத்தரவு கையில் இருந்தமையாலேயே எதிர்ப்பு வலுப்பெற்றுக் கால்வாயின் வழி மாற்றியமைக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் தருவதும் அதே திட்டமாதலின், இச்செய்தி தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று.

இரண்டையும் இணைத்து நோக்கின், உரைப்பதா மறைப்பதா என்பது உண்மையின் இயல்பைப் பொறுத்ததன்று, ஊறு வரும் திசையைப் பொறுத்தது என்பது புலனாகும். திருடுவோர்க்கு முகவரி தேவை. மண்வெட்டும் எந்திரத்திற்கு அது தேவையில்லை. முன்னவரிடமிருந்து காக்க மௌனம் உதவும். பின்னதன்முன் மௌனம் உடந்தையாகிவிடும். ஓருயிருக்கு இவ்விரு பகையும் ஒருங்கே இருக்கும்போதுதான் ஆய்வாளரின் இக்கட்டு தொடங்குகிறது. நீலச்சிலந்தியின் நிலை அதுவே.

அப்படியாயின் வேண்டுமென்றே பொய்யிடம் பதிவது தகுமா? குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மைக்கு இணையாக வைப்பது வள்ளுவர் நெறி. தரவின்கண் அந்நெறியைப் பயன்கொள்ள இக்கட்டுரையாளர் தயங்குகிறார். வாய்ச்சொல் கேட்பவரோடு முடியும். தரவோ இன்னும் பிறவாதவராலும் படிக்கப்படும். அது யாருக்கு என்ன விளைக்கும் என்று பதிபவர் அறியார். எனவே நன்மை குற்றமற்றதா என்று அளக்கும் வாய்ப்பே அவருக்கில்லை. குத்தியின் பிழை அறியாது நிகழ்ந்தது. அறிந்து செய்திருப்பின் அது மன்னிக்கத்தக்கதன்று.

பறவை நோக்குவோரின் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இதற்கு இடைவழி ஒன்றைக் கைக்கொள்கிறது. ஊறுபடத்தக்க இனங்களின் இருப்பிடத்தை 400 சதுர கிலோமீட்டர் கொண்ட கட்டமாக மட்டுமே பொதுவில் காட்டுகிறது. சொல்லப்பட்டது பொய்யன்று, முழுமையுமன்று. எனினும் முழுத்தரவைக் காணும் உரிமை யாருக்கு என்ற வினா எஞ்சுகிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பேணக் குழுக்களை அமைத்தது. அறிவின் முதல் உடைமையாளர் அங்கு வாழ்வோர் என்னும் கருத்து அதில் உண்டு. ஆனால் அப்பதிவேட்டையும் யார்க்குத் திறப்பது, யார்க்கு மூடுவது? புதர்க்காட்டில் ஆடு மேய்ப்பவர்க்கு இந்த 400 சதுர கிலோமீட்டர் மங்கல் எதையும் மறைப்பதில்லை. கலிவிகோடி எப்புதரடியில் ஒதுங்கும் என்பதை அவர் அறிவார். அவரிடம் விலை பேச வருபவர்க்கும் அது தெரியும்.