அம்னும் அமானிதமும்

அரபு மொழியில் பாதுகாப்பைக் குறிக்கும் ‘அம்ன்’ என்னும் சொல்லும், நம்பி ஒப்படைத்ததைக் குறிக்கும் ‘அமானத்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. கணினி வழி வரும் தீங்கைத் தடுக்கும் இணையப் பாதுகாப்பையும் இன்றைய அரபு வழக்கு ‘அம்ன்’ என்ற சொல்லைக் கொண்டே குறிக்கிறது. நம் இல்லங்களில் வழங்கும் அமானிதத்தின் உடன்பிறப்பு அது. இந்த உறவு அறுந்தால் பாதுகாப்பு வெறும் பூட்டாகிவிடும். அப்பூட்டு எதை, யாரிடமிருந்து காக்கிறது என்பதே நாம் ஆராயப் புகும் கேள்வி.

ஓசூர்ப் பகுதியைப் பாருங்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சுமந்து எல்லை கடந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. திறந்துவிடும் நீரில் நுரை பொங்குவதைப் பன்முறை கண்டு அப்பகுதி உழவர் வருந்தியுள்ளனர். அந்நீரே பின்னர் கிருஷ்ணகிரி அணையை அடைகிறது. ஓசூரிலோ 1970களில் தோன்றிய சிப்காட் தொழிற்பேட்டை பெருகி நிற்கிறது. குற்றம் அக்கரையதா, இக்கரையதா என்னும் வழக்கில் நம்பத்தக்க சாட்சி வேண்டுமன்றோ? நீரை அளக்கும் கருவியே அச்சாட்சி.

மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தம் கழிவையும் புகையையும் இடையறாது அளந்து, அவ்வளவை இணையத்தின் வழியே அனுப்ப வேண்டுமென 2014இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பணித்தது. முற்காலக் கடைத்தெருவில் தராசையும் படிக்கற்களையும் சோதித்த முஹ்தஸிபின் பணியை இன்று இக்கருவிகள் செய்கின்றன எனலாம்.

இச்சாட்சியை வெளியாள் கலைக்கலாம். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், கழிவுநீர்க் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ஒருவர், மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கொண்டு அவ்வமைப்பினுள் புகுந்தார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. நீர்வாழ் உயிர்கள் மாண்டன. ஆற்றைக் காக்கும் பணியில் கணினிக் காவலும் ஓர் அங்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் சாட்சியை உடையவனே கலைத்தால்? வோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக் காட்டும் நிரலை வண்டிகளில் வைத்திருந்தது 2015இல் வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்நிரல் இருந்தது. திருடன் எவனும் பூட்டை உடைக்கவில்லை. சாவி வைத்திருந்தவர்களே பொய்யை உள்ளே வைத்துப் பூட்டினர். அந்நிலையில் பூட்டு எவ்வளவு வலிதோ, அவ்வளவு பத்திரமாகப் பொய்யே காக்கப்படுகிறது.

எனவே பூட்டோடு பதிவேடும் வேண்டும். அளவை யார், எப்போது மாற்றினார் என்பது அழியாமல் பதிய வேண்டும். பணியை விட்டு நீங்கியவரின் கடவுச்சொல் அன்றே செல்லாததாக வேண்டும். கருவி கூறுவதை, முன்னறிவிப்பின்றி எடுக்கும் நீரின் மாதிரியோடு மூன்றாமவர் ஒப்பிட வேண்டும். இவை ஐயத்தின் அடையாளங்கள் அல்ல. கடனை எழுதி வைத்துச் சாட்சி நிறுத்துமாறு மார்க்கம் பணித்ததும் நட்பைக் கெடுப்பதற்கன்று, காப்பதற்கே.

இறுதியாக, நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். ஆலையில் பணிபுரியும் இளைஞனிடம், “அளவுக் கருவியைச் சற்று நல்ல தண்ணீரில் போட்டு வை” என்று மேலாளர் கூறினால் அவன் என்ன செய்வான்? மறுத்தால் வேலை போகலாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இச்சோதனை எளிதன்று. எனினும் அவன் பெறும் கூலி உழைப்புக்கு உரியதே தவிர, சாட்சியத்துக்கு உரியதன்று. ஆற்றின் கீழ்க்கரையில் அந்நீரைப் பருகுவோர் அவன் முகத்தை அறியார். அறியாமலே அவனிடம் தம் உயிரை ஒப்படைத்திருக்கின்றனர். அதுவே அமானிதம். அவனைத் தனியே தவிக்க விடாமல் அவன் பக்கம் நிற்பது குடும்பத்தின் கடமை. ஊரின் கடமையும் ஆகும்.